பேத்தி போட்ட எட்டு ஊர்கள்

வருகிற நவம்பரில் தென் கொரியா போவதாக இருக்கிறோம். நான், என் மனைவி, மகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி என்று நான்கு பேர். மாப்பிள்ளைக்கு அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்காது என்பதால் அவர் வரவில்லை. எனக்கு வயது 74, மனைவிக்கு 69. இதற்கு முன் நாங்கள் வெளிநாடு என்று போனது இரண்டே தடவை. ஒன்று, பாரீஸ் பக்கத்தில் குடியிருக்கும் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். இன்னொன்று சிங்கப்பூர்.

மனைவிக்கு வலது முட்டியில் தேய்மானம். அடுத்த வருடம் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு நீண்ட பயணம் போய் வந்துவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. அதற்குப் பிறகு இப்படி ஒன்று வாய்க்குமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பணம், ஓய்வூதியத்தில் சேர்த்தது. ஆகவே இந்தத் திட்டம் எனக்கு விளையாட்டு இல்லை.

போன மாதம் பேத்தி சென்னையிலிருந்து வந்தபோது ஒரு தாளை நீட்டினாள். பதினொரு இரவு, எட்டு ஊர். சியோல், நாமி தீவு, சொராக்சான் மலைக்காக சொக்சோ, அன்டோங், கியொங்ஜு, பூசான், ஜொன்ஜு, ஜேஜு தீவு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் மணி, ரயில், பஸ் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். முப்பத்தொன்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். ஒரு பட்டியல் ஒழுங்காக இருந்தால் மனம் இளகிவிடும். ஆனால் படித்துப் பார்த்ததும் மூச்சு வாங்கியது.

"எல்லாம் கவர் ஆயிடும் தாத்தா" என்றாள்.

என் அகராதியில் கவர் என்றால் தபால் உறை. உறையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதற்கா ஒருவன் விமானம் ஏறுவான்?

ஒரு பயணத்தை ஊர்களை எண்ணிப் போடக்கூடாது, இரவுகளை எண்ணிப் போட வேண்டும் என்பது என் கட்சி. அங்கே பெரும்பாலான ஓட்டல்களில் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் மாலை 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரம் பெட்டிக்குச் சொந்தம், நமக்கு இல்லை. பெட்டி கட்டுவது, பிரிப்பது, மாத்திரை டப்பாவைத் தேடுவது, புது அறையில் வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் போய்விடும். எட்டு ஊர் என்றால் ஏழு மாற்றம். மூன்றரை நாள். பதினொரு இரவில் மூன்றரை நாளை வாடகை காரிலும் ரயில் நிலைய லாக்கர் முன்பும் கழிக்க நான் தயாராக இல்லை.

ஒரு பயண ஏஜென்டிடம் பேக்கேஜ் விசாரித்ததும் உண்டு. ஆறு இரவு, ஐந்து ஊர், மதியம் இந்தியச் சாப்பாடு. நடுவே ஜின்செங் வேர் விற்கும் கடைக்கும் முகப்பூச்சுக் கடைக்கும் கட்டாயம் போய் உட்கார வேண்டும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, எந்த ஊரை வைப்பது, எதை அடிப்பது? அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. யாருக்கு எதற்காகக் கொரியா என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் தாளைத் தொடக்கூடாது என்றேன். பேத்திக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பாட்டு, தொடர், ஹன்பொக் உடை, அரண்மனை முன்னால் படம். மகளுக்கு அலுவலகத்திலிருந்து விடுதலை. எனக்கு என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வீட்டில் சொன்னபோது ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். ப்ரெவே தேறிவிட்டு அரசு வேலைக்குப் போனதும், பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய எத்தா சிவில் பதிவேடுகள் பக்கம் தள்ளிவிட்டார்கள். பள்ளியில் பிரெஞ்சு வரலாற்றைத் தேதி வாரியாக நெட்டுருப் போட்டவர்கள் நாங்கள். ஆனால் கங்ஹ்வா என்ற பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அதை நான் முதன்முதலில் படித்தது 2011-ல், ஓய்வு பெற்ற வருடம், ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில்.

கங்ஹ்வா என்பது சியோலுக்கு மேற்கே இருக்கும் ஒரு தீவு. 1866-ல் கொரிய அரசு பிரெஞ்சுப் பாதிரியார்களைக் கொன்றது. அதற்குப் பழிவாங்க அட்மிரல் ரோஸ் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து அந்தத் தீவைப் பிடித்தன. தீவில் அரச நூலகத்தின் கிளை ஒன்று இருந்தது. திரும்பிப் போகும்போது வெள்ளிக்கட்டிகளோடு சில நூறு புத்தகங்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கட்டடத்தோடு கொளுத்திவிட்டுப் போனார்கள். கொண்டுபோனவற்றில் பெரும்பாலானவை உய்க்வே என்ற வகை. அரச கல்யாணம், இழவு, விருந்து, கட்டுமானம் என்று ஒவ்வொன்றும் எப்படி நடந்தது, யார் எங்கே நின்றார், என்ன சாமான் வாங்கினார்கள், எவ்வளவு செலவு என்று எழுதி, ஊர்வலத்தைப் படமாகவும் வரைந்து வைத்த பதிவேடுகள். சுருக்கமாகச் சொன்னால் குமாஸ்தாக்களின் புத்தகம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவை பாரீஸில் தேசிய நூலகத்தில் நூறு வருடத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அங்கேயே வேலை பார்த்த பார்க் பியொங்-சொன் என்ற கொரியப் பெண்மணிதான் 1975-ல் வெர்சாய் கிளைக் கிடங்கில் அவற்றைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கேட்பதும் மறுப்பதுமாக முப்பத்தைந்து வருடம். 1993-ல் ஜனாதிபதி மித்தெரான் சியோலுக்குப் போனபோது ஒரே ஒரு புத்தகத்தைக் கையில் கொண்டுபோனார். அப்போது கொரியாவுக்கு அதிவேக ரயிலை விற்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூடப்போன நூலக அலுவலர்கள் இருவர் அந்தப் புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாமல் அழுதுவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இல்லைதான். ஆனாலும் பதிவேட்டைக் கையை விட்டுக் கொடுக்க முடியாத அந்த மனது எனக்குப் புரிகிறது. 2011-ல் மீதி 296 புத்தகங்களும் சியோல் வந்து சேர்ந்தன. அதுவும் சொந்தமாக இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இரவலாக. திருடிய வீட்டுக்காரனிடம் தன் சொந்தப் பாத்திரத்தை இரவல் வாங்கி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடுவது போலத்தான். பிரெஞ்சு எனக்குச் சோறு போட்ட மொழி. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜிக்ஜி என்ற புத்தகம் இன்னும் பாரீஸில்தான் இருக்கிறது. உலோக அச்செழுத்தால் அச்சிட்டு இன்று கைக்குக் கிடைக்கும் புத்தகங்களில் அதுவே மிகப் பழையது. 1377, ஜெர்மனியின் குட்டன்பர்க் பைபிளுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால். அதைக் கொள்ளை அடிக்கவில்லை. சியோலில் இருந்த ஒரு பிரெஞ்சுத் தூதர் விலைக்கு வாங்கியது. பிறகு 1911-ல் ஏலத்தில் 180 பிராங்குக்குப் போனது. ஆகவே அது திரும்பாது. அது வேறு வழக்கு.

சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் அந்த உய்க்வேக்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதன் முன்னால் ஒரு காலை முழுவதும் நிற்கவேண்டும். நான் கொரியா போவது இதற்காக. அப்புறம் சுவோன்.

சியோலிலிருந்து மெட்ரோவிலேயே சுவோன் போய்விடலாம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜொங்ஜோ என்ற அரசர், தன் தகப்பனாரின் நினைவாக அங்கே ஹ்வாசொங் கோட்டையைக் கட்டினார், 1794 முதல் 1796 வரை. அந்தத் தகப்பனார் கதை கொடுமையானது. பெற்ற அப்பனே அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாகவிட்ட இளவரசர் அவர். கோட்டை மதில் சுமார் ஐந்தே முக்கால் கிலோமீட்டர். கட்டி முடித்த பிறகு 1801-ல் அதற்கும் ஓர் உய்க்வே வெளியிட்டார்கள். வரைபடம், எந்திரங்களின் படம், கல் எவ்வளவு, மரம் எவ்வளவு, கொத்தனார், கல்தச்சர் பெயர், எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று எல்லாம் அதில் உண்டு. 1950-ல் வந்த போரில் கோட்டையின் பல பகுதிகள் இடிந்தன. 1970-களில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு திரும்பக் கட்டினார்கள். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். 1980-களின் தொடக்கம். நான் அப்போது இருந்த அலுவலகத்தில், பெயர் வேண்டாம், பதிவறைக் கூரை ஒழுகியது. மூன்று மழைக்காலம் நோட் போட்டேன், மூன்று முறையும் கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தது. நாலாவது மழையில் ஒரு கட்டுப் பிறப்புப் பதிவேடுகள் நனைந்து அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டன. பிரெஞ்சுப் படையில் இருந்த ஒருவரின் மகன், தகப்பனாரின் பிறப்புப் பத்திரத்துக்காக வந்தார். தாயாருக்கு வரவேண்டிய பென்ஷன் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, ஒட்டிக்கிடந்த அந்தக் கட்டைக் கையில் எடுத்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அப்புறம் வரவில்லை. ஒரு கொத்தனாரின் கூலியை இருநூறு வருடம் காப்பாற்றி வைத்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றாது?

ஆக, சியோலில் நான்கு இரவு, அதில் ஒரு நாள் சுவோன். கோட்டையைச் சுற்றிக் காட்ட சிறு ரயில் மாதிரி ஒரு வண்டி ஓடுகிறது, மனைவியின் முட்டிக்குப் பிரச்சினை இல்லை. பேத்திக்கு அரண்மனை. ஹன்பொக் உடுத்திக்கொண்டு போனால் அரண்மனைகளில் கட்டணம் கிடையாது என்று அவள்தான் சொன்னாள். நான் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்று உண்டு: கியொங்பொக்குங் அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, சாங்டொக்குங் அரண்மனைக்குத் திங்கள். அவளுடைய தாளில் கியொங்பொக்குங் செவ்வாய்க்கிழமைதான் இருந்தது! சாங்டொக்குங் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்கு அளவாகத்தான் ஆட்களை விடுவார்கள், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். நவம்பர் முதல் பாதியில் அங்கே மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும். இயற்கை என்று தனியாக மலை ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை.

சொராக்சான் இதனால்தான் அடிபட்டது. மலையில் கேபிள் கார் உண்டு, முட்டி ஒரு தடை இல்லை. ஆனால் அங்கே இலைகள் சிவப்பது அக்டோபர் நடுவிலிருந்து. நவம்பரில் நாம் போகும்போது பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். இலை நிறம் மாறுவது அங்கே வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வருகிறது. நாமும் அதன் பின்னாலேயே சியோலிலிருந்து தெற்கே இறங்கினால் போதும், வழியெல்லாம் சிவப்பு கூடவே வரும். அக்டோபரில் ஏன் போகவில்லை என்றால் மகளின் விடுப்பு. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் சூசொக் பண்டிகையை மட்டும் யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும் கூட்டம் மாதிரிதான், ரயில் டிக்கெட் கிடைக்காது.

நாமி தீவு ஒரு பழைய தொடரால் பிரபலமான மரவரிசை. பேத்தி பிறப்பதற்கு முன் வந்த தொடர். அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள். அன்டோங்கை யாரும் தேடவில்லை.

ஜொன்ஜுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கே பழைய ஹனொக் வீடுகள் வரிசையாக இருக்கின்றன, அதில் தங்கலாம் என்பதற்காகப் பேத்தி போட்டிருந்தாள். எனக்கு அந்த ஊரில் வேறு வேலை. கொரிய அரசர்கள் தங்கள் ஆட்சிக் குறிப்புகளைப் பிரதி எடுத்து வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தார்கள். 1592-ல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது மற்ற ஊர்ப் பிரதிகள் அழிந்து, ஜொன்ஜு பிரதி ஒன்றுதான் தப்பித்தது. அந்த ஊர்ப் பக்கத்து அறிஞர்கள் இரண்டு பேர் அதைச் சுமந்துகொண்டுபோய் மலையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தப் பதிவறை இருந்த இடத்தைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் ஜொன்ஜு தென்மேற்கில் இருக்கிறது. நாங்கள் போவது தென்கிழக்கு. அதோடு ஹனொக் வீட்டில் பெரும்பாலும் தரையில்தான் மெத்தை விரிப்பார்கள். அடியில் சூடு வரும், சுகமாக இருக்குமாம். படுத்துவிடலாம், விடியற்காலையில் என் மனைவி தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமே. நானே பேனாவை எடுத்து அடித்தேன்.

தென்கிழக்குப் பாதை ரயில் பாதை. 2004-ல் ஓட ஆரம்பித்த கே.டி.எக்ஸ். அதிவேக ரயில், அன்று மித்தெரான் விற்கப்போன அதே பிரெஞ்சுத் தொழில்நுட்பம். சியோலிலிருந்து கியொங்ஜு இரண்டு மணி நேரம் சொச்சம். பிரெஞ்சுக்காரன் புத்தகத்தைக் கொடுத்தானோ இல்லையோ, ரயிலை விற்றுவிட்டான்.

கியொங்ஜுவில் இரண்டு இரவு. கொரியாவை ஒரே ஊரில் பார்த்தாக வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சியோலைச் சொல்லமாட்டேன், இதைச் சொல்வேன். சில்லா அரசு ஏறத்தாழ ஆயிரம் வருடம் தலைநகராக வைத்திருந்த ஊர். ஊருக்கு நடுவே அரசர்களின் கல்லறைகள் புல் மூடிய பெரிய மேடுகளாக இருக்கின்றன. ஜனங்கள் அவற்றுக்கு நடுவே நடந்து காற்று வாங்குகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கல் கோபுரம், புல்குக்சா கோயில், மலைமேல் சொக்குராம் குகையில் உட்கார்ந்திருக்கும் புத்தர். பேக்கேஜ்காரர்கள் இதைப் பூசான் போகும் வழியில் மூன்று மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மாலையில் பஸ்கள் எல்லாம் போன பிறகு அந்தக் கல்லறை மேடுகள் பக்கத்தில் மனைவியோடு மெதுவாக நடக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு இரவு. அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து டாக்சியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூசானில் இரண்டு இரவு பேத்திக்காக. மலைச்சரிவில் வண்ண வண்ண வீடுகள் அடுக்கிய ஒரு கிராமத்தைக் காட்டினாள். படிக்கட்டுகளைப் பார்த்ததும், நீயும் அம்மாவும் போங்கள் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் ஐ.நா. நினைவுக் கல்லறைக்குப் போவோம். கொரியப் போரில் இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, மருத்துவப் படையை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். பெயரைப் பார்த்தாலே நம்ம பக்கத்துக்காரர் என்று தெரிகிறது. இங்கே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

பூசானுக்குப் பக்கத்தில்தான் கிம்ஹே. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும்: கொரியர்கள் அப்பாவை அப்பா என்கிறார்கள், அம்மாவை ஒம்மா என்கிறார்கள், ஆகவே கொரிய ராணி தமிழச்சி. அயுதா நாட்டிலிருந்து கி.பி. 48-ல் கடல் வழியாக வந்து சூரோ அரசரை மணந்த ஹொ ஹ்வாங்-ஓக் கதை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கொரிய நூலில் இருக்கிறது. அயுதா என்பது அயோத்தி என்று ஒரு சாரார், தமிழ்நாட்டுக் கடற்கரை என்று ஒரு சாரார். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு வருடம். ஒரு பிறப்புப் பதிவேட்டில் அப்படிப்பட்ட பதிவு வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். நண்பர் ஒருவர், கொரியா வரை போய் கிம்ஹே போகாமல் வருகிறாயா என்று கோபித்துக்கொண்டார். அத்தனை தூரம் போய் நம்மையே எதற்குத் தேட வேண்டும்? அவர்களைப் பார்க்கத்தானே போகிறோம்.

இதெல்லாம் பேசி முடிக்கும் வரை மனைவி கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். கடல்ல முங்குற அந்தப் பாட்டிங்களைப் பார்த்தாப் போதும்" என்றாள்.

ஜேஜு தீவின் ஹேன்யோக்களைச் சொல்கிறாள். மகளோடு உட்கார்ந்து ஏதோ தொடரில் பார்த்திருக்கிறாள். ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள். பெரும்பாலோர் அறுபது, எழுபது தாண்டியவர்கள். மேலே வந்ததும் மூச்சை விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், அதற்கு என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ அதையும் பட்டியலில் சேர்த்தது. "என் வயசுக்காரிங்க கடல்ல குதிக்கிறாங்க. நான் மாடிப்படி ஏற யோசிக்கிறேன்" என்றாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் ஓர் ஊரைக் கேட்டது இது முதல் தடவை. பேத்தியின் தாளில் ஜேஜுவுக்கு இருந்தது ஓர் இரவு. நான் மூன்று ஆக்கினேன். எரிமலை உமிழ்ந்து உண்டான தீவு அது. நடுவில் 1,947 மீட்டர் ஹல்லாசான் மலை. நவம்பரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் பழுத்திருக்கும், வெளியெல்லாம் நாணல் வெள்ளையாகப் பூத்திருக்கும். சொங்சான் என்ற எரிமலைக் குன்றின் அடிவாரத்தில் ஹேன்யோக்களைப் பார்க்கலாம், குன்று ஏற வேண்டியதில்லை. அவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் தீவில் உண்டு.

பூசானிலிருந்து ஜேஜுவுக்கு விமானம் ஒரு மணி நேரம். திரும்பும்போது கவனம் வேண்டும். ஜேஜுவிலிருந்து சியோல் வரும் உள்நாட்டு விமானங்கள் கிம்போ விமான நிலையத்தில் இறங்கும், நம் ஊருக்குக் கிளம்புவது இன்சொன். இரண்டும் வேறு வேறு. அதே நாளில் மாறிவிடலாம் என்று பேத்தி எழுதியிருந்தாள். நான் நடுவில் ஓர் இரவைச் செருகினேன். ஆக நான்கு, இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று. பன்னிரண்டு இரவு, நான்கு ஊர். ஓர் இரவு கூடியது, நான்கு ஊர் குறைந்தது. செலவு கொஞ்சம் கூடும் என்றாள் மகள். எட்டு ஊருக்கு ரயிலும் டாக்சியும் கணக்குப் போட்டுக் காட்டினேன், பேசாமல் இருந்துவிட்டாள்.

சாப்பாடு பற்றி இரண்டு வார்த்தை. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மனைவி வெள்ளிக்கிழமை சைவம். அங்கே சைவம் என்று சொல்லிப் புரியவைப்பது கடினம்; கிம்ச்சியிலேயே மீன் சாறோ உப்பிட்ட இறாலோ பெரும்பாலும் இருக்கும். புத்த மடங்களின் சாப்பாடு மட்டும் சுத்த சைவம், பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமைக்கு அந்த மாதிரி உணவகம் ஒன்றைச் சியோலில் பிடித்து வைத்திருக்கிறோம். மற்ற நாளுக்கு மீனும் சோறும் இருக்கவே இருக்கிறது. பாண்டிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வழி கேட்பதற்கு கூகுள் மேப்பை நம்பாமல் நேவர் மேப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், பேத்தி என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். விசா விண்ணப்பத்துக்கு வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள், பயணத் திட்டம் எல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் ஒன்றுதான் கேட்கிறார்கள். பழக்கதோஷம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பேத்தியின் எட்டில் இல்லாத ஒரு பெயரை நான் என் கைப்பட ஒன்பதாவதாக எழுதிப் பிறகு அடித்தேன்: ஹேயின்சா. கயாசான் மலைக்குள் இருக்கும் கோயில். மங்கோலியர் படையெடுப்பு நடந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில் புத்த நூல்கள் முழுவதையும் மரப்பலகைகளில் செதுக்கினார்கள், 81,258 பலகை. அவற்றை வைக்கப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு கிடங்கு. முன்பக்கமும் பின்பக்கமும் மேலும் கீழும் வெவ்வேறு அளவில் சன்னல் வைத்து, தரைக்கு அடியில் கரியும் உப்பும் சுண்ணாம்பும் போட்டு, காற்றை வைத்தே ஈரத்தை வெளியே தள்ளும் கட்டடம். 1951-ல் அந்தப் பக்கம் பதுங்கியிருந்த கெரில்லாக்களைக் குண்டு போட்டு அழிக்கச் சொன்னபோது, கிம் யொங்-ஹ்வான் என்ற கொரிய விமானி கோயில் மேல் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒழுகும் கூரைக்கு மூன்று வருடம் நோட் போட்டவன் அந்தக் கிடங்கின் முன்னால் ஒரு தடவை நிற்க வேண்டாமா? ஆனால் தேகுவுக்குப் போய் அங்கிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் பஸ், இறங்கிய பிறகு மேட்டில் நடை. கியொங்ஜுவில் இருக்கும் ஒரு முழு நாளையும் அது தின்றுவிடும். அடித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி பார்த்துவிட்டாள். போன வாரத்திலிருந்து காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து நடக்க ஆரம்பித்திருக்கிறாள். முதல் நாள் பழைய கலங்கரை விளக்கம் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டாள். நேற்று சாலையின் கோடி வரை போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "அந்தப் பலகைக் கோயிலை மறுபடி எழுதுங்க, பார்க்கலாம்" என்றாள். எழுதியிருக்கிறேன். பேனாவால் இல்லை, பென்சிலால்.